மேகத்துக்கு மேலே இரண்டு புகை

என்னைக் கட்டிக்கொடுத்த ஊர் கரிசல்காடு. இங்கே மேகத்துக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் அதிகம். எவ்வளவு கெஞ்சினாலும் கீழே இறங்கி வராது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பிறந்த ஊரில் அப்படியில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கு மலையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. ஆடி மாதத்து மேகம் அங்கே மலையின் தலையில் உட்காரும், தோளில் கைபோடும், சில நாள் இடுப்புவரை இறங்கி வந்து ஊரை எட்டிப் பார்க்கும். கல்யாணமாகி வந்த புதிதில், இந்த ஊர்க்காரர்கள் என்ன பாவம் செய்தார்களோ, மேகம் இப்படி எட்டாத உயரத்தில் நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். என் மாமனார் ஒரு தடவை எங்கள் ஊருக்கு வந்தவர், "என்னம்மா இது, தலையில இடிக்கும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

என் மகன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். ஒருநாள் அவனிடம் இதைக் கேட்டேன். காற்று மேலே ஏற ஏறக் குளிரும், குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் மேகமாகும் என்றான். ஈரக்காற்று கொஞ்சம் ஏறியதுமே மேகமாகிவிடுமாம். கரிசல்காட்டுக் காற்று காய்ந்த காற்று, அது மேகமாக வேண்டுமென்றால் ரொம்ப தூரம் ஏற வேண்டுமாம். "அதோட, நாம எங்க நிக்கிறமோ அங்கருந்துதானம்மா மேகத்தோட ஒசரத்த அளக்குறோம். மலைமேல நிக்கிறவனுக்கு அது காலுக்குக் கீழ கெடக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் சாப்பிட உட்கார்ந்தான்.

அவன் கடைசியாகச் சொன்னதை நான் ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்தேன். தெரிந்துகொண்ட விதத்தை அவனுக்குச் சொன்னதில்லை, அவன் அப்பாவுக்கும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய ஆட்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி சொல்லாமல் வைத்திருப்பதில் யாருக்கும் லாபமில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வெள்ளைக்காரன் ராஜ்யம் நடந்துகொண்டிருந்தது. அதைவிடப் பெரியாற்றுத் தண்ணீர் எப்போது திறக்கும் என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய பேச்சு. அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயாவுக்கு வாய்க்காலை ஒட்டிக் கொஞ்சம் நெல்வயல் இருந்தது. வீட்டில் ஐயா, அம்மா, நான் மூன்று பேர். கட்டிக்கொடுத்துவிட்ட அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அதனால் நான் தங்கியபோது அம்மா பயந்துபோய், தன் கை ராசியில்லாத கை என்று சொல்லி என்னை அக்கா கையில் கொடுத்துவிட்டாளாம். எனக்குத் தலைவாரிவிட்டது, சோறு ஊட்டியது, பொய் சொன்னால் வாயில் சுண்டியது எல்லாம் அக்காதான்.

அந்த அக்காவை மலைமேல் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் திருவிதாங்கூர் எல்லைக்குள் ஓர் ஏலத்தோட்டத்தில் கங்காணி. நல்ல மனுஷர், அதிகம் பேசமாட்டார். ஆனால் மலை என்றாலே அந்தக் காலத்தில் காய்ச்சல் என்றுதான் அர்த்தம். மேலே போனவர்கள் ஏலக்காய் மணத்தோடும் மஞ்சள் பூத்த கண்ணோடும் திரும்பி வருவார்கள். கல்யாணத்தன்று அம்மா மணவறைப் பக்கமே வராமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் அத்தான் அவளைக் களத்துமேட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் மலையைக் காட்டினார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மலை விளிம்பில் ஒற்றைப் பல் மாதிரி ஒரு வெள்ளைப் பாறை தெரிந்தது.

"அந்தா தெரியுதுல்ல அத்தே, அந்த வெள்ளப் பாறைக்குப் பின்னாலதான் நம்ம வீடு. வெள்ளிக்கெழமதோறும் விடிஞ்சதும் பாறமேல பச்சத் தழையப் போட்டுப் பொகை போடச் சொல்றேன். ஒத்தப் பொகைன்னா சொகமா இருக்கோம்னு அர்த்தம். பக்கத்துல பக்கத்துல ரெண்டு பொகைன்னா ஒடனே பொறப்பட்டு வாங்கன்னு அர்த்தம்" என்றார்.

அம்மா சமாதானமானாள். ஆனால் எதையும் சும்மா ஏற்றுக்கொள்கிற பிறவி அல்ல அவள். அந்தப் புகையை ஒரு விரதமாக்கிவிட்டாள். வியாழக்கிழமை ராத்திரியே சட்டிபானை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். வெள்ளிக்கிழமை வீட்டில் பழைய சோறு கிடையாது. குளித்து, வாசல் தெளித்து, விளக்கேற்றிவிட்டு, மலையில் புகை தெரிகிறவரை அடுப்பு மூட்டமாட்டாள். பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாது. அம்மாவுக்குக் கண் அவ்வளவு சரியில்லை. ஐயா வயலுக்குப் போயிருப்பார். ஆகவே புகை பார்க்கிற உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. களத்தில் வைக்கோல் படப்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். வெள்ளைப் பாறையிலிருந்து மெல்லிசாகப் புகை எழும்பியதும் குதித்து இறங்கி, "ஒத்தப் பொகை! ஒத்தப் பொகை!" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடுவேன். அம்மா மேற்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுப்பில் நெருப்பை வைப்பாள். ஊரே எங்களைக் கேலி பேசியது. "ஒங்க வீட்ல உலை கொதிக்கிறதுக்கு மலையில தீ மூட்டணுமா?" என்பார்கள். எனக்கோ அது பெரிய பெருமை. என் சொல்லுக்காக ஒரு வீட்டு அடுப்பு காத்திருந்தது.

ஒரு வருஷத்துக்குமேல் இப்படி நடந்தது. பிறகு அக்கா உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்து வர வேண்டும். ஏழாம் மாதம் ஆனியில் வந்தது. அந்த வருஷம் தண்ணீர் தாமதமாகத் திறந்ததால் நடவும் ஆனிக் கடைசிக்குத் தள்ளிப்போனது. ஆள் கிடைக்கவில்லை. ஐயா, "நடவு முடியட்டும், போய்க் கூட்டியாந்துருவோம்" என்று நாலு தடவை சொன்னார். நடவு முடிந்தபோது எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எட்டாம் மாதம் பிள்ளைத்தாய்ச்சியை வழிநடக்க வைக்கமாட்டார்கள். இரட்டைப்படை மாதம், ஆகாது என்பார்கள். ஒன்பதில் அழைத்து வருவதாகப் பேசி முடித்தார்கள். அம்மா ஐயாவோடு மூன்று நாள் பேசவில்லை. நாற்று ஒரு வாரம் காத்திருக்காதா என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த எட்டாம் மாதம் ஆடி மாதம். மேகம் மலைமேல் குடியேறிவிட்டது.

ஆடி மேகத்தை நான் அதற்குமுன்பும் பார்த்திருந்தேன். ஆனால் முந்தின வருஷம் வெள்ளிக்கிழமை காலைகளில் எப்படியோ ஒரு நாழிகையாவது மலை தெளிந்திருந்தது. இந்த வருஷம் அப்படியில்லை. முதல் வெள்ளிக்கிழமை படப்பில் ஏறிப் பார்த்தால் வெள்ளைப் பாறையும் இல்லை, பாறைக்குக் கீழே காடும் இல்லை. மலையின் பாதிக்குமேல் சாம்பல் நிறத்தில் மேகம் மூடியிருந்தது. ஊரில் சூரியனே தெரியவில்லை. சாரல் காற்று மட்டும் முகத்தில் அடித்தது. உச்சிப்பொழுதுவரை உட்கார்ந்திருந்தேன். அம்மா நடுநடுவே வந்து, "தெரியுதா ஆத்தா?" என்று கேட்டாள். "இன்னும் காணலம்மா" என்றேன். மதியத்துக்குமேல் அவளே அடுப்பு மூட்டி எனக்கும் ஐயாவுக்கும் சோறாக்கினாள். தான் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் தொட்டியைப் பிடித்தபடியே கீழே சரிந்தாள். ஐயா தூக்கி வந்து, முகத்தில் தண்ணீர் அடித்து, அதட்டிக் கஞ்சி குடிக்க வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே மேகம். படப்பின்மேல் பசித்த வயிற்றோடு உட்கார்ந்து யோசித்தேன். ஒன்பது வயதில் எனக்கு நியாயம் பேசத் தெரிந்திருந்தது. மேகம் வானத்தில் இருக்கிறது. அக்கா மலையில், மேகத்துக்குக் கீழே இருக்கிறாள். எங்களைப்போல அவளும் அண்ணாந்துதான் அதைப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் தீ மூட்டியிருப்பாள். அவள் சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை. நடுவே ஏதோ மறைக்கிறது, அவ்வளவுதான். இருக்கிற புகையை இருக்கிறது என்று சொன்னால் அது எப்படிப் பொய்யாகும்? இப்படி எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, படப்பிலிருந்து குதித்து ஓடினேன்.

"ஒத்தப் பொகைம்மா! மேகம் கொஞ்சம் வெலகுச்சு. அப்ப பாத்தேன்!"

அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் தடவித் திருஷ்டி கழித்து, தன் நெற்றியில் விரல்களை மடக்கிச் சொடுக்கினாள். அன்று உளுந்தங்களியும் கருப்பட்டியும் கிடைத்தது. அம்மாவும் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நானும் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை எனக்குத் தொழில் நன்றாகப் படிந்துவிட்டது. படப்பில் ஏறிக் கொஞ்ச நேரம்தான் உட்கார்ந்தேன். இந்தத் தடவை புகை கொஞ்சம் தெற்கே சாய்ந்திருந்தது என்றுகூடச் சொன்னேன். கேட்காததைச் சொன்னால் நம்புவார்கள் என்று எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ தெரியவில்லை. அம்மா, "மேல காத்து பலமா இருக்கும் போல" என்று சொல்லிவிட்டு உலை வைத்தாள்.

அதற்கு நாலு நாள் கழித்து, பொதிமாடு ஓட்டுகிற ராவுத்தர் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். மழையில் பாதை அரித்துப்போனதால் மூன்று வாரமாக யாரும் மலையேறவில்லை. முதலில் ஏறி இறங்கியவர் அவர்தான். மாட்டைக்கூடக் கட்டாமல் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பதறாதீக. ஒங்க மருமவன் காய்ச்சல்ல கெடக்காக. வேலையாளுக எல்லாம் மழைக்குப் பயந்து எறங்கிட்டாக. மகளுக்கும் காய்ச்சல்தான். புள்ள முந்தியே பொறந்திருச்சு."

ஐயா, "புள்ள?" என்றார்.

ராவுத்தர் தலையை ஆட்டினார். "தங்கலண்ணே. மருமவன்தான் எந்திரிச்சு, தோட்டத்து ஓரத்துல அடக்கம் பண்ணியிருக்காக. ஒடனே போங்க. இருக்குறவுகளையாச்சும் பாப்போம்."

ஐயாவும் என் தாய்மாமனும் இன்னும் இரண்டு பேரும் அப்போதே கிளம்பினார்கள். எட்டாம் மாதம் வழிநடக்க வைக்கக்கூடாது என்ற பேச்சு எங்கேயோ போய்விட்டது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் அக்காவைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அத்தான் மாமனின் தோளைப் பிடித்தபடி நடந்தே வந்தார். வாசலில் ஊர் கூடிவிட்டது. தூளியிலிருந்து இறக்கும்போது அக்கா என்னை விடவும் சின்னவளாகத் தெரிந்தாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

இரண்டு நாள் அவளுக்கு நினைவு சரியாக இல்லை. மூன்றாம் நாள் காலை கொய்னா மருந்தும் கஞ்சியும் உள்ளே போய், கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள். உள்வீட்டில் அம்மா அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஐயா கதவோரம் நின்றார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். அக்கா அழவில்லை. வறண்ட குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏம்மா வரல?"

அம்மாவுக்குப் புரியவில்லை. "என்னத்தா சொல்ற?"

"கடைசி ரெண்டு வெள்ளிக்கெழமையும் ரெண்டு பொகை போட்டேனேம்மா. அவுக எந்திரிக்க முடியாமக் கெடந்தாக. வாரமெல்லாம் வெறகப் பொறுக்கி அடுப்புமேல வச்சுக் காயவச்சேன். ரெண்டு நாளும் நல்ல வெயிலு. கீழ மட்டும் மஞ்சு கெடந்துச்சு. வெயிலு ஏறுனாக் கரைஞ்சிரும், அம்மா பாத்துரும்னு மத்தியானம் வரைக்கும் தீய அணைய விடல. அப்பறம் அந்த மஞ்சு மேல ஏறி வந்து என்னையும் மூடிருச்சு. ஏம்மா வரல?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "ஒத்தப் பொகைன்னுதானடி நீ சொன்ன? ரெண்டு வாரமும் ஒத்தப் பொகைன்னுதான சொன்ன? நீ வந்து சொல்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம இருந்தேனேடி!"

வெள்ளத்தில் அடித்துப்போகிறவளுக்குக் கிடைப்பதுபோல என் கைக்கு உடனே ஒரு கட்டை அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு வெயிலே இல்லம்மா. ரெண்டு வாரமும் மேகம்தான். அக்கா வெயிலு அடிச்சுச்சுங்குது."

நான் சொன்னது நிஜம். ஊருக்கே தெரியும். அந்த இரண்டு வாரமும் எங்கள் ஊரில் ஒரு துணி காயவில்லை. ஐயா பெருமூச்சு விட்டார். "ஆமா, வெயிலு ஏது. புள்ள காய்ச்சல்ல கனாக் கண்டதச் சொல்லுது. தூங்கட்டும் விடு" என்று சொன்னவர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெளியே போனார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கூரையில் ஏதோ எலி ஓடியது. அம்மா விசும்பிக்கொண்டே, "சொல்லுத்தா, நெசமா ரெண்டு பொகையா போட்ட?" என்று கேட்டாள்.

அக்கா கண்ணை என்னிடமிருந்து எடுக்காமலே சொன்னாள். "இல்லம்மா. காய்ச்சல்ல ஒளறிட்டேன். ரெண்டாவது தீ பத்தல. ஈர வெறகு. ஒண்ணுதான் எரிஞ்சுச்சு."

எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் மலையில் ஒற்றைப் புகைதான் இருந்திருக்கிறது. நான் பார்க்காமல் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு சமர்த்து நான்! அந்த நிமிஷம் எனக்குள் இருந்தது இதுதான். இதை எழுத இப்போது கை கூசுகிறது.

அக்கா சொன்ன அந்த வார்த்தையை அம்மா சாகிறவரை விடவில்லை. மகளைக் கவனித்துக் கவனித்துத் தேற்றினாள், மருந்து கொடுத்தாள், மடியில் போட்டுத் தூங்க வைத்தாள். ஆனால் மனது நொந்தபோதெல்லாம், "ரெண்டாவது பொகைய ஒழுங்கா மூட்டத் துப்பில்லாமப் போச்சே ஒனக்கு. ஒரு பொகைல புள்ளயத் தொலச்சியே" என்று சொல்லிவிடுவாள். நல்லது கெட்டதுக்கு வந்த பொம்பளைகளிடமும் அதைச் சொல்லி அழுவாள். அக்கா ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. அத்தானாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அந்த நாட்களில் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தவர். பாறையில் என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. அக்காவுக்குப் பிறகு பிள்ளை உண்டாகவில்லை. அவர்கள் மலையை விட்டு இறங்கி எங்கள் தெருவிலேயே வீடு பிடித்தார்கள். களத்துமேட்டில் நின்று பார்த்தால் வெள்ளைப் பாறை எப்போதும்போலத் தெரிந்துகொண்டிருந்தது. அக்கா அந்தப் பக்கம் வரமாட்டாள்.

எனக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்து, ஓர் ஆடியில் பிறந்த ஊருக்கு வந்திருந்தேன். அப்போது கம்பத்திலிருந்து மலைமேல் லாரி போக ஆரம்பித்திருந்தது. மாமன் மகன் ஏலக்காய் எடுக்கப் போகிறான் என்று தெரிந்து, நானும் வருகிறேன் என்று தொற்றிக்கொண்டேன். அந்தப் பாறையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மட்டும் மனதில் இருந்தது. புறப்படும்போது ஊரில் ஒரே மூட்டம். மாடு கன்றுகூட மங்கலாகத் தெரிந்தது. பாதி மலையில் லாரி மேகத்துக்குள் புகுந்தது. முன்னால் பாதை தெரியாமல் ஊர்ந்தது. பிறகு மேலே ஒரு வளைவு திரும்பியதும் கண் கூசும்படி வெயில் அடித்தது.

நான் இறங்கி, தோட்டத்து வழியே நடந்து, வெள்ளைப் பாறையின்மேல் போய் நின்றேன். தலைக்குமேல் நீலமாக வானம். ஒரு பொட்டு மேகம் கிடையாது. காலுக்குக் கீழே, விளிம்பிலிருந்து கிழக்கே எவ்வளவு தூரம் கண் போகுமோ அவ்வளவு தூரத்துக்கு, உலை பொங்கிய நுரைபோல வெள்ளையாகப் பரந்து கிடந்தது. கம்பமும் இல்லை, எங்கள் ஊரும் இல்லை, களத்துமேடும் இல்லை. பக்கத்தில் நின்ற தோட்டக்காரர், "கீழ மஞ்சு கெடக்கும்மா. வெயிலு ஏறுனாக் கரைஞ்சிரும்" என்றார். ஏறக்குறைய அக்கா சொன்ன அதே வார்த்தைகள். அவர் மஞ்சு என்று சொன்னதைத்தான் நாங்கள் கீழே படப்பில் ஏறி நின்று மேகம் என்று சொன்னோம். எங்களுக்கு அது எட்டாத வானம், அக்காவுக்குக் காலடியில் கிடக்கிற மூடுபனி. நாங்கள் இருட்டில் இருந்தோம், அவள் வெயிலில் இருந்தாள்.

அந்தப் பாறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வெயில் அடித்தது நிஜம். ஈர விறகை வாரமெல்லாம் காயவைத்தது நிஜம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு தீயையும் ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டது நிஜம். இரண்டு புகையும் அவ்வளவு தெளிவாக நீல வானத்தில் எழும்பி நின்றிருக்கும். பார்க்க ஒரு ஜீவன் இருந்திருக்காது. நான் மட்டும் "தெரியலம்மா" என்று உண்மையைச் சொல்லியிருந்தால், இரண்டாம் வெள்ளிக்கிழமையும் புகை காணாத அம்மா சும்மா இருந்திருக்கமாட்டாள். ஐயாவை அன்றைக்கே மலைக்கு விரட்டியிருப்பாள். பாதை அரித்திருந்தாலும் அவர் ஏறியிருப்பார். அப்போது பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்து அக்கா வீட்டு வாசலில் நின்றேன். அவள் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். "மலைக்கா போன?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "வெயிலா?" என்றாள். "வெயிலுதான்க்கா" என்றேன். அவள் தலையை அசைத்துவிட்டுப் புடைத்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன். அதற்குமேல் நாங்கள் இரண்டுபேரும் எப்போதும் எதுவும் பேசிக்கொண்டதில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அதற்குத் தைரியம் வரவில்லை.

மேகத்தின் விவகாரத்தை அப்படித் தெரிந்துகொண்டேன். அதைவிடப் பெரிய ஒன்று, அன்று உள்வீட்டில் என் கண்ணெதிரிலேயே நடந்து முடிந்திருந்தது. அது புரிய எனக்கு இன்னும் வருஷங்கள் ஆயின. அக்கா, ஒரு தீதான் எரிந்தது என்று சொன்ன பிறகு, அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு கஞ்சி எடுத்துவர அடுப்படிக்குப் போனாள். நானும் நழுவப் பார்த்தேன். அக்கா விரலை அசைத்துக் கூப்பிட்டாள். வாயில் சுண்டப்போகிறாள் என்று பயந்துகொண்டே கிட்டே போனேன். அவள் என் தலையைத் தொட்டாள். கை கொதித்தது.

"வெள்ளிக்கெழம ரொம்பப் பசிச்சிச்சா ஆத்தா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"நீ சொன்னதும் அம்மா சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சுக்கா. நல்லா சாப்பிட்டுச்சு."

"சரி, போ. போயி வெளையாடு" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. காய்ச்சல் நடுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, நான் தப்பித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் தெருவுக்கு ஓடிப்போய், இருட்டுகிறவரை நொண்டி விளையாடினேன்.